பிழைக்கும் ஒரு பேர் போடுவோம்: சொந்த எக்செப்ஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டனில், சனி, ஞாயிறு பின்னேரங்களில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐசிடி, அதாவது தகவல் தொழில்நுட்பம், சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தில் பைத்தன் என்ற ப்ரோகிராம் மொழி இருப்பதால் லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் அவர்களுக்குக் கைவந்துவிடுகிறது. எக்செப்ஷன் என்ற இடத்தில்தான் வண்டி நிற்கும். "அது எரர்தானே சேர்" என்பார் ஒருவர். "ப்ரோகிராம் நிக்காம இருக்கப் போடுறது" என்பார் இன்னொருவர். "நாமளே சொந்தமா செய்யலாமாம், மெசேஜ் நல்லா வருமாம்" என்று யூடியூப் பார்த்துவிட்டு வந்து சொல்வார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றுமே பாதி.

குழப்பத்துக்கு நம் தமிழும் ஒரு காரணம். எக்செப்ஷனை விதிவிலக்கு என்று எழுதுகிறோம். ஆனால் பேச்சில் விதிவிலக்கு என்றால் சலுகை. "எல்லாருக்கும் ஃபைன், அவருக்கு மட்டும் விதிவிலக்கு" என்போம். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ப்ரோகிராம் ஏதோ ஒரு பிழையை மன்னித்து விடுகிறது என்று நினைப்பதில் வியப்பில்லை. நடப்பதோ நேர்மாறு. அங்கே வேலை அந்த இடத்திலேயே நின்று, மேலே பார்த்துக் கூப்பாடு போடப்படுகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க எக்செப்ஷன் என்றே எழுதுகிறேன்.

## கொழுந்து மடுவத்தில் நடப்பது

எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பார்ப்பேன். வரிசையில் அக்காமார் சாக்கோடு நிற்பார்கள். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள், நம்பரைச் சொல்வார்கள். நிறுக்கிறவர் எடையைக் கத்துவார், சாக்குக்குக் கழிப்பார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். அடுத்த ஆள். ஒரு சாக்குக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இடையில் ஒருநாள், எழுதுகிறவர் பேனையை நிறுத்திவிட்டார். வேறு டிவிஷனிலிருந்து அன்று வந்த ஒரு அக்காவின் நம்பர் அவர் கையிலிருந்த செக்ரோலில், அதாவது ஆட்களின் பேர்ப் புத்தகத்தில், இல்லை.

"ஐயா, இந்த நம்பர் நம்ம புத்தகத்துல இல்லங்க."

கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. விஷயம் அவருக்கும் மேலே தோட்ட வேலையைப் பார்க்கும் கண்டக்டர் ஐயாவிடம் போனது. அவர்தான், "தனித்தாள்ல எழுதி வையி, சாயந்தரம் ஆபீஸ்ல பார்த்துக்குவோம்" என்றார். சாக்கு இறங்கியது, வரிசை நகர்ந்தது. அவருக்கும் பதில் தெரியாமல் போயிருந்தால் சின்னத்தொர (உதவி மேலாளர்), அதற்கும் மேலே பெரியதொர (மேலாளர்).

எக்செப்ஷன் என்பது இதுதான். எழுதுகிறவருக்குப் பிரச்சினை தெரிகிறது, ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. முடிவெடுக்கக்கூடியவருக்குப் பிரச்சினை நடந்த இடம் கண்ணில் படாது. இந்த இருவருக்கும் நடுவில் செய்தி போக ஒரு வழி வேண்டும்.

## மைனஸ் ஒன்று செய்த வேலை

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தன் செய்திட்டமாகக் கொழுந்து நிறுவைக் கணக்கு எழுதும் ப்ரோகிராம் ஒன்றைச் செய்தாள். நம்பரும் எடையும் கொடுத்தால் ஆளைத் தேடி, கழிவு போக மிச்சத்தைப் பதிந்து, நாள் மொத்தம் காட்டும். நம்பர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, பழைய பாணியில் ஒரு வழி வைத்திருந்தாள்: பதியும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து பதில் தரும் ப்ரோகிராம் துண்டு) மைனஸ் ஒன்றைத் திருப்பி அனுப்பும்.

சோதனைக்கு நான்கு சாக்கு போட்டோம். கழிவு போக 22, 19, இல்லாத ஒரு நம்பரில் 24, பிறகு 17. மொத்தம் 57 என்று காட்டியது. 24 கிலோ காணாமல் போனதோடு, மைனஸ் ஒன்று வேறு கூட்டலில் சேர்ந்து இன்னொரு கிலோவையும் விழுங்கியிருந்தது. எங்கும் சிவப்பு எழுத்து இல்லை. ப்ரோகிராம் சந்தோஷமாக முடிந்துவிட்டது.

"சேர், அந்த மைனஸ் ஒண்ண செக் பண்ண மறந்துட்டேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வரும் மதிப்பைப் பார்ப்பதும் பார்க்காததும் அழைப்பவரின் இஷ்டம் என்று விட்டால், ஒருநாள் யாராவது மறப்பார்கள். எக்செப்ஷன் அந்த இஷ்டத்தைப் பறிக்கிறது. கவனிக்காவிட்டால் ப்ரோகிராம் முன்னால் போகாது.

## கூப்பாடு மேலே போகும் விதம்

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும், அது மற்றொன்றை அழைக்கும். மாணவியின் ப்ரோகிராமில் "நாள் கணக்கு" என்ற ஃபங்ஷன் "கொழுந்து பதி" என்பதை அழைத்தது, அது "பேர் தேடு" என்பதை அழைத்தது. இப்படி யார் யாரை அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அடுக்குக்குக் கால் ஸ்டாக் என்று பெயர். மடுவத்தில் எழுதுகிறவர் தொடங்கி பெரியதொர வரை இருந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடியிலிருக்கும் ஃபங்ஷன் எக்செப்ஷனை எழுப்பினால், அதற்குரிய கட்டளை ரெய்ஸ், அந்த வரியோடு அது நிற்கும். அடுத்த வரிகள் ஓடாது. கம்ப்யூட்டர் ஒரு படி மேலே போய், "இதைப் பிடிக்க இங்கே ஆள் இருக்கா?" என்று பார்க்கும். பிடிக்கிற இடத்துக்கு எக்செப்ட் என்று பெயர். அது ட்ரை என்ற கட்டுக்குப் பின்னால் வரும். இல்லை என்றால் அந்த ஃபங்ஷனும் அங்கேயே கைவிடப்படும், இன்னொரு படி மேலே. பொருத்தமான எக்செப்ட் கிடைத்த இடத்தில் கூப்பாடு அடங்கி, அங்கிருந்து ப்ரோகிராம் தொடரும்.

கவனியுங்கள்: நின்ற வரிக்குத் திரும்பிப் போவதில்லை. பிடித்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்றுதான் என் வகுப்பில் பாதிப்பேர் எழுதுகிறார்கள்.

உச்சி வரை யாருமே பிடிக்காவிட்டால் ப்ரோகிராம் நின்றுவிடும். பைத்தனில் அந்த நீளமான சிவப்புக் குறிப்பு வருமே, அதற்கு ட்ரேஸ்பேக் என்று பெயர். கூப்பாடு எந்தெந்தப் படி ஏறி வந்தது என்ற வழித்தடம் அது. பிள்ளைகள் அதைக் கண்டதும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

யாரும் பிடிக்காத எக்செப்ஷனின் விலைக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிச் சுமார் 37 வினாடிகளில் திசைமாறிச் சிதறியது. பழைய ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதிய ப்ரோகிராமின் ஒரு பகுதியை இதிலும் வைத்திருந்தார்கள். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப்போனபோது, எண் பெரிதாகி அதற்குள் அடங்கவில்லை. 16 பிட்டுக்கு 32,767தான் எல்லை. எக்செப்ஷன் எழுந்தது, அந்த மாற்றத்துக்குப் பிடிக்கிற ஆள் வைக்கப்படவில்லை, வழிகாட்டும் கம்ப்யூட்டர் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே ப்ரோகிராம் என்பதால் அதுவும் அதே காரணத்தால் ஏற்கெனவே நின்றிருந்தது.

இதுவரை வந்தது: பிரச்சினையைக் கண்ட இடம் கூப்பாடு போடும், அது அழைத்தவர் வழியாகப் படிப்படியாக மேலே ஏறும், பொருத்தமான எக்செப்ட் அதைப் பிடிக்கும். "பொருத்தமான" என்ற சொல்லில்தான் இனி விஷயம் இருக்கிறது.

## பேர் யாருக்காக?

தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய நாள் சம்பளத்துக்கு ஆளைக் கணக்கில் எடுப்பது. பேர் விழாவிட்டால் காலையிலிருந்து மலையில் நின்றதற்குக் காசில்லை. பிழைக்கும் அப்படித்தான். பேர் இல்லாத பிழையை யாரும் கணக்கில் எடுக்க முடியாது.

பைத்தனில் தயாராக நிறையப் பேர்கள் இருக்கின்றன. பூச்சியத்தால் வகுத்தால் சீரோ டிவிஷன் எரர், பொருந்தாத மதிப்பு கொடுத்தால் வேல்யூ எரர், டிக்ஷனரியில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல்) இல்லாத சாவியைக் கேட்டால் கீ எரர். செக்ரோலை டிக்ஷனரியாக வைத்திருந்தால் இல்லாத நம்பருக்குத் தானாகவே கீ எரர் வரும். அப்படியென்றால் நாம் ஏன் புதிதாக ஒன்று செய்ய வேண்டும்?

மாணவியும் முதலில் அப்படித்தான் செய்தாள். கீ எரர் வந்தால் பிடித்து, "தெரியாத நம்பர்" என்று தனித்தாளில் எழுதும்படி மாற்றினாள். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் எல்லாருமே தெரியாத நம்பர் ஆகிவிட்டார்கள். இரவு உட்கார்ந்து தேடினால், கழிவு விகிதம் வைத்திருந்த இன்னொரு டிக்ஷனரியில் அவள் சாவியின் எழுத்தைத் தவறாகத் தட்டியிருந்தாள். அதுவும் கீ எரர்தான். ஆளைத் தேடும்போது வந்த கீ எரரையும், கழிவைத் தேடும்போது வந்த கீ எரரையும் பிடிக்கிற இடத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மெசேஜ் வேறு வேறாக இருக்குமே என்று கேட்கலாம். மெசேஜ் மனிதர் படிப்பதற்கு. எக்செப்ட் மெசேஜைப் படிப்பதில்லை, வந்திருப்பது எந்த வகை என்று மட்டும் பார்க்கும். ஆகவே சொந்த எக்செப்ஷன் செய்வது அழகான மெசேஜுக்காக இல்லை. அழகான மெசேஜ் வேண்டுமென்றால் வேல்யூ எரருக்குள்ளேயே எதை வேண்டுமானாலும் எழுதலாம். பிடிக்கிற இடம் இதை மற்றதிலிருந்து பிரித்து அறிந்து, வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் புதிய பேர்.

## செய்து பார்ப்போம்

இங்கே ஓரிரு சொற்கள் வேண்டும். கிளாஸ் என்பது ஒரு வகையின் வரைவு, வகுப்பு என்று பாடநூலில் வரும். அந்த வரைவிலிருந்து உண்டாகும் ஒவ்வொன்றும் பொருள். ஏற்கெனவே உள்ள கிளாஸின் குணங்களை எடுத்துக்கொண்டு புதிய கிளாஸ் செய்வது மரபுரிமை. பைத்தனின் எக்செப்ஷன் என்ற கிளாஸிலிருந்து மரபுரிமை பெற்ற எந்தக் கிளாஸையும் ரெய்ஸ் செய்யலாம். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

கீழே கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், அப்படியே தட்டினால் ஓடாது. ஆனால் நாம் வைக்கும் பேர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும்.

```
கிளாஸ் கொழுந்துப்_பிழை(எக்செப்ஷன்):
    பாஸ்

கிளாஸ் பதிவில்லா_எண்(கொழுந்துப்_பிழை):
    டெஃப் __இனிட்__(செல்ஃப், எண், எடை):
        சூப்பர்().__இனிட்__("செக்ரோலில் இல்லாத எண்")
        செல்ஃப்.எண் = எண்
        செல்ஃப்.எடை = எடை

கிளாஸ் குறை_எடை(கொழுந்துப்_பிழை):
    பாஸ்
```

முதல் கிளாஸில் உள்ளே ஒன்றுமே இல்லை. பாஸ் என்றால் "இங்கே எழுத எதுவுமில்லை". பேர் இருந்தாலே போதும். இரண்டாவதில் இனிட் என்பது பொருள் உண்டாகும்போதே ஓடும் ஃபங்ஷன், செல்ஃப் என்றால் அந்தப் பொருள், சூப்பர் என்றால் மேலே உள்ள கிளாஸ். அதனால் நம்பரும் எடையும் சேர்ந்தே பயணிக்கின்றன. மடுவத்தில் "ஐயா, ஒரு நம்பர் இல்லங்க" என்று மட்டும் சொன்னால் கண்டக்டர் "எந்த நம்பர், எவ்வளவு கிலோ?" என்று திருப்பிக் கேட்பார். ப்ரோகிராமில் திருப்பிக் கேட்க வழியில்லை. கீழே இருந்த ஃபங்ஷன் அதற்குள் கைவிடப்பட்டு, அதன் மாறிகளும் போயிருக்கும். மேலே இருப்பவருக்கு முடிவெடுக்க என்னென்ன தேவையோ அதை எக்செப்ஷன் கையோடு கொண்டுபோக வேண்டும். சொந்தக் கிளாஸ் தரும் இரண்டாவது லாபம் இது.

கூப்பாடு எழும் இடம்:

```
டெஃப் பேர்_தேடு(எண், எடை):
    ட்ரை:
        ரிட்டர்ன் செக்ரோல்[எண்]
    எக்செப்ட் கீஎரர் அஸ் மூலம்:
        ரெய்ஸ் பதிவில்லா_எண்(எண், எடை) ஃப்ரம் மூலம்
```

பைத்தன் போட்ட பொதுவான கூப்பாட்டை வாங்கி, அஸ் வழியாக அதற்கு மூலம் என்று பேரிட்டு, நம் தொழில்மொழிக்கு மாற்றி மேலே அனுப்புகிறோம். கடைசியில் உள்ள ஃப்ரம், பழைய கூப்பாட்டையும் புதியதோடு முடிந்து அனுப்புகிறது. ட்ரேஸ்பேக்கில் இரண்டும் வரும், முதலாவதுதான் இரண்டாவதுக்குக் காரணம் என்ற குறிப்போடு. அதை எழுதச் சோம்பல்படாதீர்கள்.

பிடிக்கும் இடம், இரண்டு படி மேலே, நாள் கணக்கில்:

```
ட்ரை:
    கொழுந்து_பதி(எண், எடை)
எக்செப்ட் பதிவில்லா_எண் அஸ் பி:
    தனித்தாளில்_எழுது(பி.எண், பி.எடை)
எக்செப்ட் குறை_எடை:
    மறுபடி_நிறு()
```

தராசு காட்டிய எடை சாக்கின் எடையைவிடக் குறைவாக இருந்தால் குறை எடை, மறுபடி நிறுக்கச் சொல்லும். நம்பர் இல்லாவிட்டால் தனித்தாள். கழிவு டிக்ஷனரியில் எழுத்துப்பிழை என்றால் அது இன்னும் கீ எரராகவே வரும். இங்கே யாரும் பிடிக்க மாட்டார்கள், ப்ரோகிராம் சத்தமாக விழும். அது விழத்தான் வேண்டும். அந்தப் பிழையைத் திருத்த வேண்டியது மடுவத்தில் நிற்பவர் இல்லை, எழுதியவள்.

## ஒரே குடும்பம், வேறு வேறு உத்தரவு

பதிவில்லா எண்ணும் குறை எடையும் ஏன் நேரடியாக எக்செப்ஷனிலிருந்து பிறக்காமல், கொழுந்துப் பிழை என்ற தாய் வழியாகப் பிறக்கின்றன?

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுவது நமக்குப் பழக்கம். மஞ்சள் என்றால் அவதானமாக இரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. மூன்றும் மண்சரிவு எச்சரிக்கைதான். வானொலியில் செய்தி வாசிப்பவருக்கு அந்தப் பொதுப்பேர் போதும், எது வந்தாலும் வாசிப்பார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிள்ளைகளோடு இருப்பவருக்கு நிறம் தெரிந்தாக வேண்டும்.

எக்செப்டும் அப்படித்தான் பொருத்தம் பார்க்கிறது. அது சொன்ன வகையையும் பிடிக்கும், அந்த வகையிலிருந்து பிறந்தவற்றையும் பிடிக்கும். எக்செப்ட் கொழுந்துப் பிழை என்று எழுதினால் இரண்டு பிள்ளைகளும் மாட்டும். நாளை மூன்றாவதாக ஒன்று சேர்த்தாலும் மாட்டும். நாள் முடிவில் "இன்று எத்தனை சாக்கில் சிக்கல்?" என்று எண்ணும் இடத்துக்குத் தாய்ப்பேர் வசதி. உடனடியாக ஏதாவது செய்யும் இடத்துக்குப் பிள்ளையின் பேர்.

ஒரு பொறி இருக்கிறது. எக்செப்ட்டுகளை மேலிருந்து கீழாக வரிசையில் பார்த்து, பொருந்தும் முதலாவதோடு கம்ப்யூட்டர் நின்றுவிடும். தாயை முதலில் எழுதி, பிள்ளையைக் கீழே எழுதினால் பிள்ளையின் முறை ஒருநாளும் வராது. பைத்தன் இதைப் பிழை என்று சொல்லவும் சொல்லாது. ஜாவா என்ற மொழி பரவாயில்லை, ஓடுவதற்கு முன்னால் கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடும்.

சுருக்கமாக: சொந்த எக்செப்ஷன் என்பது எக்செப்ஷனிலிருந்து பிறந்த ஒரு கிளாஸ். அதன் பேர் பிடிப்பவருக்கு, உள்ளே உள்ள தகவல் முடிவெடுப்பவருக்கு, மெசேஜ் படிக்கும் மனிதருக்கு.

## வாயைப் பொத்தும் பழக்கம்

வகுப்பில் நான் கோபப்படும் ஒரே விஷயம், எக்செப்ட் என்று மொட்டையாக எழுதி அடியில் பாஸ் போடுவது. எது வந்தாலும் பிடி, ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம். கூப்பிடுகிறவரின் வாயில் துணி திணிப்பது போல. மைனஸ் ஒன்று 25 கிலோவைத் தின்றதே, அதைவிட மோசம் இது. அங்கே தப்பான எண்ணாவது திரும்பி வந்தது.

மொட்டை எக்செப்ட் இன்னொன்றும் செய்யும். ப்ரோகிராமை நிறுத்த கன்ட்ரோல் சி அழுத்தினாலும் பைத்தனில் அதுவும் ஓர் எக்செப்ஷனாகத்தான் வருகிறது. மொட்டை எக்செப்ட் அதையும் விழுங்கிவிடும், ப்ரோகிராமை அப்படி நிறுத்த முடியாமல் போகலாம். எக்செப்ட் எக்செப்ஷன் என்று வகை சொல்லிப் பிடித்தால் இது மாட்டக்கூடாது என்றுதான் அந்த வகைகளைப் பேஸ் எக்செப்ஷன் என்ற பாட்டியின் கீழ் தனியாக வைத்திருக்கிறார்கள். நாம் செய்வதெல்லாம் எக்செப்ஷனிலிருந்துதான் பிறக்க வேண்டும், பாட்டியிடம் நேரே போகக்கூடாது.

## எப்போது வேண்டாம்

விளக்கம் புரிந்த வேகத்தில் மாணவி பதினொரு கிளாஸ் எழுதிக்கொண்டு வந்தாள். வெற்று நம்பர், எழுத்துக் கலந்த நம்பர், அதிக நீள நம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: "இத புடிக்கிற இடம் மத்ததவிட வேற என்னா செய்யும்?" முதல் மூன்றுக்கும் ஒரே பதில்: நம்பரைத் திரும்பத் தட்டச் சொல்லும். அப்படியானால் வேல்யூ எரர் போதும், பைத்தன் படித்த எவருக்கும் அது தெரிந்த பேர். இன்னும் ஐந்தை யாருமே பிடிக்கவில்லை. பதினொன்றில் மிஞ்சியவை தாயும் இரண்டு பிள்ளைகளும்தான்.

பேர் வைப்பதில் பைத்தன்காரர்களின் வழக்கம், பிழையானால் பேரின் கடைசியில் எரர் என்று முடிப்பது. ஜாவாவில் எக்செப்ஷன் என்று முடிப்பார்கள். ஜாவாவில் சில வகைகளைப் பிடிக்காமலோ அறிவிக்காமலோ விட்டால் கம்பைலே ஆகாது என்ற கண்டிப்பும் உண்டு. இப்போதைக்கு அது நமக்கு வேண்டாம்.

போகும்போது அவள் வாசலில் நின்று கேட்டாள்: "சேர், மழை நேரம் ஈரக் கொழுந்துக்குக் கூடக் கழிப்பாங்களே, அதுக்கு ஒரு எக்செப்ஷன் வைக்கவா?"

வெளியே மூன்றாவது நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் மழை பெய்வது எந்த ஃபங்ஷனும் எதிர்பாராத சங்கதியா என்று கேட்டேன். சிரித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, கழிக்கும் இடத்தில் ஒரு இஃப் போட்டாள். இரண்டு வரி.